கிராமப்புற மாநிலத்துக்கு எமர்ஜென்சி டாக்டர் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு டாக்டர் தேடிக் கொடுப்பது என் வேலை. மருத்துவமனை நிர்வாகக் குழுவினர், ரெசிடென்சி (மருத்துவப் படிப்புக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) முடிக்கப் போகிறவர்கள், விசா கவலையில் இருக்கும் நம் தமிழ் டாக்டர்கள் என மூன்று பக்கத்திலிருந்தும் அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். சட்டமும் விசா விதிகளும் மாறக்கூடியவை. எதிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கிராமப்புற மாநிலம்னா எது? மொன்டானா, வயோமிங் மாதிரிதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பாதிக்கு மேல் மக்கள் கிராமப்புறத்தில் வாழும் மாநிலங்கள் நான்குதான்: வெர்மான்ட், மெய்ன், மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி. மொன்டானாவில் மக்கள் குறைவு, அதிலும் பாதிக்கு மேல் நகரங்களில் இருக்கிறார்கள். அந்த நகரங்களுக்கு நடுவில்தான் ஆளரவமில்லாத தூரம் கிடக்கிறது.

ஆள் தேடும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் அடுத்த மருத்துவமனை வரைபடத்தில் பக்கத்தில் தெரியும், மலைப்பாதையில் போனால் நேரம் இழுக்கும். மொன்டானாவில் ரோடு நேராக இருக்கும், ஆனால் பனிப்புயல் வந்தால் ஹெலிகாப்டர் கிளம்பாது. மிசிசிப்பி டெல்டாவில் வறுமைதான் பெரிய பிரச்சினை. ஒரு மாநிலத்தில் பலித்த வழி அடுத்ததில் அப்படியே பலிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எமர்ஜென்சிக்குன்னு தனியா ஒரு டாக்டர் எதுக்கு? ஊர்ல இருக்கிற ஃபேமிலி டாக்டரே பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம். பல ஊர்களில் இன்றும் அவர்கள்தான் பார்க்கிறார்கள். எமர்ஜென்சி மெடிசின் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றதே 1979-இல்தான். முதல் ரெசிடென்சி 1970-இல் சின்சினாட்டியில் தொடங்கியது. அதற்கு முன் யார் கிடைத்தார்களோ அவர்கள் பார்த்தார்கள்.

இந்தத் துறைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் நகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். பணியில் இருக்கும் எமர்ஜென்சி டாக்டர்களில் சுமார் 92 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருப்பதாக 2020-இல் வெளியான ஒரு நாடளாவிய ஆய்வு கணக்கிட்டது. அதனால் சிறிய மருத்துவமனைகளிடம் நான் சொல்வது இதுதான்: எமர்ஜென்சி போர்டு சான்று (துறைத் தேர்வில் தேறியதற்கான சான்று) உள்ளவர் மட்டுமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நாற்காலி காலியாகவே கிடக்கும். அவசர சிகிச்சையில் நல்ல அனுபவம் உள்ள ஃபேமிலி டாக்டர்கள் இருவர், போர்டு சான்று பெற்றவர்கள் இருவர் என்று கலந்த குழு பல இடங்களில் நன்றாகவே ஓடுகிறது.

எமர்ஜென்சி டாக்டர்கள் தேவைக்கு மேல பெருகப் போறாங்கன்னு படிச்சேனே? அப்புறம் என்ன தட்டுப்பாடு?

2021-இல் அப்படி ஒரு கணிப்பு வந்தது உண்மை. 2030-க்குள் ஏறத்தாழ 8,000 பேர் உபரியாக இருப்பார்கள் என்றது அது. அதைப் படித்த மருத்துவ மாணவர்கள் பலர் துறையை மாற்றிக்கொண்டார்கள். கோவிட் காலத்து அலுப்பும் சேர்ந்துகொண்டது. 2022 மேட்சில், அதாவது மாணவர்களுக்கு ரெசிடென்சி இடம் ஒதுக்கும் வருடாந்திர முறையில், 219 எமர்ஜென்சி ரெசிடென்சி இடங்கள் நிரம்பவில்லை. 2023-இல் சுமார் 3,000 இடங்களில் 550-க்கு மேல் காலியாக நின்றன. பிறகு நிலைமை தேறி, 2024-இல் காலி இடங்கள் 135 ஆகக் குறைந்தன. கணிப்பில் வைத்ததைவிட அதிகம் பேர் தொழிலை விட்டு விலகுவதாகவும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

உபரி வந்தால் கிராமத்துக்குத் தானாக வழிந்து வரும் என்று சில நிர்வாகிகள் காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நகரத்தில் கூட்டம் கூடினால் அங்கே குறைந்த மணிநேரம் வேலை பார்த்துக்கொண்டு இருப்பவர்கள்தான் அதிகம். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் சிலரே.

எங்க எமர்ஜென்சிக்கு ஒரு நாளைக்குப் பத்து பேர்தான் வர்றாங்க. ஒரு டாக்டர் போதாதா?

பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் நாளுக்கு 24 மணி நேரம்தான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். முழுநேர எமர்ஜென்சி டாக்டர் ஒருவர் மாதத்துக்குப் பன்னிரண்டு 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,728 மணி நேரம் ஆகிறது. 8,760-ஐ இதால் வகுத்தால் ஐந்தைத் தாண்டும். லீவு, உடம்பு சரியில்லாமல் போவது, பிரசவம், பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்த்தால் ஆறு பேர். ஆளே குறைவாக வரும் இடங்களில் 24 மணி நேர ஷிஃப்ட் போடுவார்கள். அப்போதும் மாதம் ஆறு ஷிஃப்ட் என்றால் ஐந்து பேர் வேண்டும்.

இதையே பணமாகப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு மணிக்கு 200 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 17 லட்சத்து 52 ஆயிரம் டாலர். நாளைக்குப் பத்துப் பேர் என்றால் வருடத்துக்கு 3,650 பேர். தலைக்கு 480 டாலர் டாக்டர் செலவு மட்டும். நர்ஸ், லேப், சி.டி. ஸ்கேன் எல்லாம் இதற்கு மேல். தீயணைப்பு நிலையத்தில் தீ பிடிக்காத நாளுக்கும் சம்பளம் கொடுப்பது போலத்தான் இதுவும். பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசும் முறை இதனால்தான் சிற்றூரில் எடுபடாது. மணிக்கு இவ்வளவு என்றே பேசுங்கள்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது? எமர்ஜென்சியை மூடிட்டா என்ன?

கூட்டாட்சி அரசு இதற்கென்றே இரண்டு வகை மருத்துவமனைகளை உருவாக்கி வைத்திருக்கிறது. 1997-இல் வந்த 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' வகையில் 25 படுக்கைக்கு மேல் கூடாது, பொதுவாக அடுத்த மருத்துவமனை 35 மைல் தள்ளி இருக்க வேண்டும், 24 மணி நேரமும் அவசர சிகிச்சை இருக்க வேண்டும். பதிலுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நியாயமான செலவில் 101 சதவீதம் என்ற கணக்கில் பணம் தருகிறது. இந்த வகையில் எமர்ஜென்சியை மூடினால் அந்தத் தகுதியே போய்விடும்.

இரண்டாவது, 2023 ஜனவரியில் தொடங்கிய 'ரூரல் எமர்ஜென்சி ஹாஸ்பிடல்'. உள்நோயாளி வார்டை விட்டுவிட்டு எமர்ஜென்சியை மட்டும் நடத்தலாம், மாதாமாதம் ஒரு தொகை வரும். சில ஊர்களுக்கு இது உயிர்காத்திருக்கிறது. ஆனால் ஆள் தேடும் என் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு சிக்கல் உண்டு. மேலே வார்டே இல்லையென்றால், பெரிய இடத்துக்கு அனுப்பும் அளவுக்கு மோசமில்லாத, ஆனால் வீட்டுக்கு அனுப்பவும் முடியாத நோயாளியை என்ன செய்வது என்று டாக்டர்கள் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு பேட்டிக்குக் கூப்பிடுங்கள்.

சம்பளத்தை ஏத்தினா வந்துடுவாங்கதானே?

சம்பளம் ஒழுங்காக இல்லாவிட்டால் யாரும் போனைக்கூட எடுக்க மாட்டார்கள், அது சரி. ஆனால் பேச்சு வார்த்தை முற்றி, பேட்டிக்கு நேரில் வந்து, கடைசியில் 'வேண்டாம்' என்று போனவர்களிடம் காரணம் கேட்டால் சம்பளத்தைச் சொன்னவர்கள் குறைவு. திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: 'ராத்திரி மூணு மணிக்கு நான் தனியா இருப்பேன். அப்போ எனக்கு யார் இருக்காங்க?'

இதற்கு ஒரு நிர்வாகி எப்படிப் பதில் சொல்கிறார் என்பதில் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. 'எங்க நர்ஸுங்க ரொம்ப நல்லவங்க' என்பது பதில் இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர் எத்தனை நிமிடத்தில் வருவார்? ராத்திரி சி.டி. எடுக்க டெக்னீஷியன் கட்டடத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் எத்தனை யூனிட் கையிருப்பு? டிரான்ஸ்ஃபர் கேட்டு பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தால் ஒரே எண்ணில் வேலை முடியுமா, அல்லது படுக்கை தேடி டாக்டரே ஒவ்வொரு ஊராகப் போன் செய்ய வேண்டுமா? வார்டில் யாருக்காவது மூச்சு நின்றால் எமர்ஜென்சி டாக்டர்தான் மாடிக்கு ஓட வேண்டுமா? இவற்றுக்கு எண்ணிக்கையோடு பதில் சொன்ன இடங்கள், கூடுதல் சம்பளம் தந்த இடங்களைவிடச் சீக்கிரம் ஆள் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த காரணம் குடும்பம். டாக்டருக்கு வேலை தயார், கூட வருபவருக்கு? கணவனோ மனைவியோ சாஃப்ட்வேரிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்தால் ஊருக்குள் குடிவரச் சொல்லாதீர்கள். மாதம் ஆறு 24 மணி நேர ஷிஃப்டை இரண்டு மூன்று தொகுப்பாகப் போட்டுக் கொடுங்கள். அவர் நகரத்தில் குடும்பத்தோடு இருந்துகொண்டு வந்து போகட்டும். 'எங்க ஊர்லயே குடியிருக்கணும்' என்று நிர்வாகக் குழு அடம்பிடித்து நல்ல ஆளை இழப்பது எனக்கு அலுத்துப்போன கதை.

நான் இப்பதான் ரெசிடென்சி முடிக்கிறேன். தனியா இருக்கும்போது பெரிய கேஸ் வந்தா என்ன பண்றது?

பயிற்சிக் காலத்தில் மாரடைப்பு என்றால் போன் செய்வீர்கள், கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறை) தயாராகிவிடும். இங்கே கேத் லேப் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கலாம். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்காது என்று தெரிந்தால், அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாத காரணம் எதுவும் இல்லாதவருக்கு 30 நிமிடத்துக்குள் டெனெக்டிபிளேஸ் போன்ற உறைவைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது வழிகாட்டுதல். புத்தகத்தில் படித்திருப்பீர்கள், கையால் கொடுத்திருக்க மாட்டீர்கள். சேரும் முன் இதற்கான பெட்டி எங்கே இருக்கிறது, எந்த மருந்து இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

விபத்துக்காரர்களைப் பார்க்கும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சியே ஒரு சிற்றூரில் பிறந்ததுதான். 1976-இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டி வந்த சிறிய விமானம் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், குழந்தைகளுக்குப் பலத்த காயம். உள்ளூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து நொந்துபோனவர், இதற்கொரு முறை வேண்டும் என்று கிளம்பினார். முதல் வகுப்பு 1978-இல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் ஊரில் நடந்தது.

துணைக்கு இப்போது திரையும் உண்டு. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவமனை 2003-இலேயே ஜாக்சனிலிருந்து சிற்றூர் எமர்ஜென்சிகளை வீடியோவில் பார்க்கத் தொடங்கியது. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸில் அவேரா என்ற மருத்துவமனைக் குழுமம் 2009-இல் இதே மாதிரி ஒரு சேவையைத் தொடங்கியது. சுவரில் உள்ள பட்டனை அழுத்தினால் அந்தப் பக்கம் ஒரு எமர்ஜென்சி டாக்டர் திரையில் வருவார். நீங்கள் நோயாளிக்குச் சுவாசக் குழாய் போட்டுக்கொண்டிருக்கும்போது மருந்து அளவைச் சொல்வார், டிரான்ஸ்ஃபர் வேலையைப் பார்த்துக்கொள்வார். புதிதாக வருபவர்களுக்கு இந்த வசதி இருக்கும் இடமாகப் பார்த்துச் சேரச் சொல்வேன்.

அப்போ டாக்டரே இல்லாம, பி.ஏ., நர்ஸ் பிராக்டிஷனர் வெச்சு, திரையில டாக்டர்னு நடத்தலாமே?

பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட்), நர்ஸ் பிராக்டிஷனர் இருவரும் டாக்டர் அல்ல, ஆனால் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதப் பயிற்சி பெற்றவர்கள். கிரிட்டிக்கல் ஆக்சஸ் வகைக்குக் கூட்டாட்சி விதி இதை அனுமதிக்கிறது. அவசர சிகிச்சையில் பயிற்சியோ அனுபவமோ உள்ள டாக்டர், பி.ஏ. அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் 30 நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும், ஜனநெருக்கம் மிகக் குறைந்த பகுதிகளில் 60 நிமிடம். டாக்டர் போனிலாவது கிடைக்க வேண்டும். ஆனால் மாநிலச் சட்டம் அதற்கு மேல் கேட்கலாம். இந்தியானா 2023-இல் எமர்ஜென்சியில் எந்நேரமும் ஒரு டாக்டர் நேரில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. வர்ஜீனியாவும் அதே வழியில் போனது.

என் அபிப்பிராயம்: ஐந்து மணி நேரத்துக்கு ஒருவர் வரும் இடத்தில், அனுபவமுள்ள பி.ஏ.-யும் நல்ல திரை இணைப்பும் இருந்தால் நடக்கும். அப்போதுதான் படிப்பு முடித்தவரைத் தனியாக உட்கார வைத்து அதற்கு 'மாடர்ன்' என்று பெயர் வைக்கக் கூடாது.

லோக்கம் வெச்சே ஓட்டிடலாமே?

லோக்கம், அதாவது ஏஜென்சி வழியாகத் தற்காலிகமாக வந்து போகும் டாக்டர், இடைவெளியை அடைக்கச் சரி. நிரந்தரமாக ஓட்டினால் ஏஜென்சி கமிஷன், விமானம், ஹோட்டல், வாடகைக் கார் எல்லாம் உங்கள் தலையில். அதைவிடப் பெரிய நஷ்டம், வருகிறவருக்கு எந்தப் பெரிய மருத்துவமனையில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. நல்ல வழி ஒன்று உண்டு: பிடித்துப்போன இரண்டு லோக்கம் டாக்டர்களையே திரும்பத் திரும்ப வரவழைத்து, பிறகு நேரடியாக வேலைக்கு எடுப்பது. அப்படி எடுத்தால் ஏஜென்சிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், முதலிலேயே படித்துவிடுங்கள்.

கான்ட்ராக்ட் கம்பெனிகிட்ட விட்டுட்டா தலைவலி தீர்ந்துடும்ல?

மருத்துவமனைக்கு எமர்ஜென்சி டாக்டர்களைத் தன் சம்பளத்தில் வைத்து அனுப்பும் அந்தக் கம்பெனி நன்றாக இருக்கும் வரை தீரும். 2023 மே மாதம் அப்படிப்பட்ட கம்பெனியான என்விஷன் ஹெல்த்கேர் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே வருடம் ஜூலையில் அமெரிக்கன் பிசிஷியன் பார்ட்னர்ஸ் எமர்ஜென்சி வேலையையே மூடியது. அந்த மருத்துவமனைகள் அவசர அவசரமாக வேறு ஆளைத் தேடின.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி வழியாகச் சேர்ந்தால் மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்கு) காப்பீட்டில் 'டெயில்' யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு வரும் வழக்குகளுக்கான காப்பீடு அது. கம்பெனியே காணாமல் போனால் யாரிடம் கேட்பீர்கள்?

கிராமத்துல வேலை பார்த்தா படிப்புக் கடன் தள்ளுபடியாமே?

எல்லோரும் சொல்லும் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் திட்டம் முதல்நிலைச் சிகிச்சை, மனநலம் போன்ற துறைகளுக்கானது. எமர்ஜென்சி மெடிசின் அதில் இல்லை. விளம்பரத்தில் அதைப் போடும் மருத்துவமனைகளும் இருக்கின்றன, பார்த்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கிடைப்பது பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி, அதாவது பி.எஸ்.எல்.எஃப். லாப நோக்கமில்லாத அல்லது அரசு மருத்துவமனையில் முழுநேரம் வேலை பார்த்து 120 தகுதியான தவணை கட்டினால் கூட்டாட்சிக் கடனில் மிச்சம் போகும். இங்கேதான் போன கேள்வி திரும்ப வருகிறது. மருத்துவமனை லாப நோக்கமில்லாததாக இருந்தாலும், உங்களுக்குச் சம்பளம் தருவது தனியார் கம்பெனி என்றால் பொதுவாக அந்த வருடங்கள் கணக்கில் வராது. மருத்துவமனை நேரடியாக டாக்டரை நியமிக்கச் சட்டம் இடம் தராத கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களுக்கு மட்டும் 2023 ஜூலை முதல் விலக்கு உண்டு.

நான் ஜே-1 விசாவுல ரெசிடென்சி பண்றேன். கிராமத்துக்குப் போனா ஊர் திரும்ப வேண்டாம்னு சொல்றாங்களே?

பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது, பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு டாக்டர்கள் வாங்கும் ஜே-1 விசாவின் நிபந்தனை. அதற்கு விலக்கு தரும் வழிகளில் பிரபலமானது 'கான்ராட் 30'. வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் பெயரில் 1994-இல் வந்தது. காங்கிரஸ் அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடம் 30 இடம். டாக்டர் பற்றாக்குறைப் பகுதியில் எச்-1பி வேலை விசாவில் மூன்று வருடம், வாரம் 40 மணி நேரம் வேலை. விலக்கு கிடைத்து 90 நாளுக்குள் சேர வேண்டும். இந்த எச்-1பி வருடாந்திர குலுக்கலுக்குள் வராது.

எமர்ஜென்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பல மாநிலங்கள் முதல்நிலைச் சிகிச்சைக்கு முன்னுரிமை தருகின்றன, எனவே அந்த மாநிலம் எமர்ஜென்சிக்கு இடம் தருமா என்று முதலில் கேளுங்கள். அடுத்தது மணிநேரம். வாரம் மூன்று 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் 36-தான் வருகிறது. 40 என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கும் ஒன்று: கூட்டாட்சி நிதியாண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது, இடங்கள் வேகமாகத் தீரும் மாநிலங்களில் அன்றைக்கே விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். பிப்ரவரியில் ஆள் தேட ஆரம்பித்தால் தாமதம்.

இந்தியாவுல எம்.டி. எமர்ஜென்சி முடிச்சிருக்கேன். ஆள் பஞ்சம்தானே, நேரா எடுத்துக்க மாட்டாங்களா?

டென்னசி 2023-இல் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து, வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு அமெரிக்க ரெசிடென்சி இல்லாமலே தற்காலிக உரிமம் தரும் சட்டங்களைச் சில மாநிலங்கள் இயற்றியிருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உரிமம் ஒரு கதவுதான். இந்திய எம்.டி.-யை வைத்து அமெரிக்க எமர்ஜென்சி போர்டு தேர்வு எழுத முடியாது. மருத்துவமனையின் நியமனக் குழு, மால்பிராக்டிஸ் காப்பீட்டு நிறுவனம், விசா என்று இன்னும் மூன்று கதவு உண்டு. அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டு வராதீர்கள்.

வந்தவங்க ரெண்டு வருஷத்துல கிளம்பிடறாங்களே, என்ன பண்றது?

சேரும்போது கொடுக்கும் போனஸ் பெரும்பாலும் கடன் மாதிரிதான் எழுதப்பட்டிருக்கும், இரண்டு வருடம் இருந்தால் தள்ளுபடி என்று. ஆகவே இரண்டு வருடத்தில் போகிறார்கள், நீங்கள்தான் தேதி குறித்துக் கொடுத்தீர்கள்! அதே பணத்தில் பாதியை மூன்றாம், ஐந்தாம் வருட முடிவில் தருவதாக எழுதிப் பாருங்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் ஐந்து வருடத்துக்கு 5,000 கோடி டாலர் ஒதுக்கிய கிராமப்புற மருத்துவ நிதியிலும், ஊழியர் சேர்ப்புக்குச் செலவிடும் பணத்துக்குக் குறைந்தது ஐந்து வருடப் பணி உறுதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் சொல்லும் காரணங்களில் நிர்வாகத்தின் கையில் இருப்பது ஷிஃப்ட் அட்டவணை. ஐந்து பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேரை வைத்து ஓட்டினால் அந்த மூவரும் போவார்கள், அப்புறம் ஐந்தும் காலி. முதல் ஆளை எடுத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள். அட்டவணையில் இன்னும் காலியாக இருக்கும் ஷிஃப்டுகளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் சேரும் முன்பே அவரிடம் காட்டுங்கள். லோக்கம் என்றால் லோக்கம் என்றே எழுதிக் கொடுங்கள்.